விழ மறுத்த முக்காலி

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் பேச்சு அறுந்துபோன இடத்திலேயே நம் பேராசிரியர் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. பல்கலைக்கழகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னார். "முதல் வருஷப் பசங்க கையில அட்டையும் பசையும் குடுத்தா கட்டடம் எப்படி நிக்குதுன்னு புரிஞ்சிடுமா? முதல்ல பாடம், அப்புறம் விளையாட்டு." சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா அவர்? எதிர்ப்பை எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார். அது எந்த வகுப்பைப் பற்றிய எதிர்ப்பு என்று கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வகுப்பை நடத்துவது அவர் மனைவி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இருவரும் கட்டடக்கலைத் துறையில்தான் வேலை. அவர் கட்டமைப்புப் பாடம் எடுப்பவர். வகுப்புக்குள் நுழைந்ததும் சொல்ல ஆரம்பித்தால் மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். மாணவர்கள் வைத்த பெயர் 'நோட்ஸ் சார்'. மனைவி பட்டறை எடுப்பவள். எதையும் சொல்லமாட்டாள். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவாள். அவளுக்கு வைத்த பெயர் 'அட்டை மேடம்'.

எதிர்ப்பின் பலனாக, இன்று டீன் நேரில் வந்து பட்டறை வகுப்பைப் பார்க்கப் போகிறார். அவருக்குத் திருப்தியாக இருந்தால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து பட்டறைக்குப் பூட்டு. அந்த நேரமும் கரும்பலகைக்குப் போய்விடும். அதாவது, நோட்ஸ் சாருக்கே போய்விடும்.

மனைவி சண்டை போட்டிருந்தால் பேராசிரியருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "கார் சாவி ஆணியில இருக்கு" என்று அளந்து பேசினாள். ஒரு வாரமாக வீடு இப்படித்தான் ஓடுகிறது. அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள். வீட்டில் அவளுக்குச் சுட்டி என்று பெயர். அதே துறையில் முதல் வருஷம். போன பருவத்தில் ஒரே ஒரு பாடத்தில் அவளுக்கு அரியர் விழுந்தது. எந்தப் பாடம் என்று கேட்கவே வேண்டாம். தாளைத் திருத்தியது வேறு யாரோ. ஆனால் பாடம் நடத்தியது இவர்.

"உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது எல்லாமே புரியுதுப்பா. வெளியே வந்து கதவைச் சாத்தினா ஒண்ணுமே இல்ல" என்றாள் அன்றைக்கு. குறை சொல்கிற குரலில்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

*

விடிந்தும் விடியாத நேரத்தில் காபி போடலாம் என்று பேராசிரியர் எழுந்து வந்தார். கூடத்தில், மின்விசிறிக்கு அடியில், ஒரு முக்காலி நின்றுகொண்டிருந்தது.

பெட்டி அட்டையில் செய்தது. பட்டறைக் கூரை ஒழுகுகிறது, பசை காயாது என்று சுட்டி வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். உள்ளே வெறுமையான மூன்று கால்கள், வட்டமான மேல்பலகை, விளிம்பெல்லாம் பழுப்பு டேப். பார்க்க லட்சணமாகவே இருந்தது. பேராசிரியருக்கு ஒரு கணம் பெருமை பொங்கியது. காபியை மறந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் பகீரென்றது.

பெட்டி அட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே அலை அலையாக நெளி ஓடும்; வெட்டாமலே மேல்தாளில் அதன் கோடு லேசாகத் தெரியும். அந்த நெளி நின்றவாக்கில் இருந்தால் அட்டை நன்றாகப் பாரம் தாங்கும். படுத்தவாக்கில் இருந்தால் அமுங்கிவிடும். முக்காலியின் இரண்டு கால்களில் நெளி நின்றவாக்கில் ஓடியது. மூன்றாவது காலில் படுத்தவாக்கில் ஓடியது.

'அடி என் தங்கமே, இது விழுந்துடுமே' என்று மனசுக்குள் அலறினார்.

எழுப்பிச் சொல்லலாம். ஆனால் சொல்லக் கூடாது. பட்டறை விஷயத்தில் இவர் வாயே திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஒருமுறை பட்டறையில் ஒரு வாரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு தேட வேண்டிய ஒரு விடையை, சாப்பிட்டுக்கொண்டே போகிற போக்கில் இவர் போட்டு உடைத்துவிட்டார். அன்றிலிருந்து தாயும் மகளும் இவர் எதிரில் பட்டறையைப் பற்றிப் பேசுவதே இல்லை. இவர் அறைக்குள் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். என்ன செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள் என்று இவருக்கு ஒன்றும் தெரியாது.

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். நல்ல வேளையாக, கையைப் பற்றிச் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

டீன் வருகிறார். எல்லோர் முன்னாலும் மகளின் முக்காலி மட்டும் பொத்தென்று விழும். போன பருவம் தாளில் விழுந்தவள் இந்தப் பருவம் தரையில் விழுவாள். கூடவே அவள் அம்மாவின் வகுப்பும் விழும். எல்லாம் இவர் எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாளால். யோசிக்க யோசிக்க அவருக்குக் கை பரபரத்தது.

சத்தமில்லாமல் வேலையில் இறங்கினார். மூன்றாவது காலின் டேப்பைப் பிரித்தார். பழைய பெட்டி ஒன்றிலிருந்து மூன்று பட்டைகளை நெளி நின்றவாக்கில் வெட்டினார். காலுக்குள் செருகிப் பசை வைத்து ஒட்டினார். மறுபடியும் டேப் போட்டு மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. பிறகு காபி போட்டார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவருக்குக் காபி ருசித்தது.

காரில் போகும்போது மனைவி வண்டியை ஓட்டினாள். பின்சீட்டில் சுட்டி முக்காலியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"இருக்குப்பா. ஆனா எங்க டீம் பக்காவா கணக்கு போட்டிருக்கோம்."

'கணக்கு போட்ட லட்சணம் எனக்குத் தெரியும்' என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

*

பட்டறையில் பசை வாசனையும் மர வாசனையும் கலந்து அடித்தன. டீன் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பு எழுதிக் கொடுத்தவர் என்ற முறையில் பேராசிரியருக்கும் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஓரமாகக் கனமான புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பேராசிரியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் எழுதிய கட்டமைப்புப் பாடநூல்தான். விற்காமல் துறைக் கிடங்கில் கிடந்த கட்டு.

"எல்லாம் ஒரே எடை, சார். பாரம் வைக்க வேற எதுவும் இவ்வளவு சரியா அமையல" என்று டீனிடம் மனைவி விளக்கினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. டீன்தான் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவள் பயிற்சியைச் சொன்னாள். ஒரே நிமிஷம்தான் பேசினாள்.

"ஒவ்வொரு குழுவும் ஒரு முக்காலி செஞ்சிருக்காங்க, சார். நிக்கறதுக்காக இல்ல. விழறதுக்காக. எந்தக் கால் முதல்ல போகும், எத்தனை புத்தகத்துல போகும், எந்தப் பக்கம் சாயும்னு முன்னாடியே அவங்க சொல்லணும். ஒரு பொருள் எங்க உடையும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது எதனால நிக்குதுன்னு தெரியும்."

பேராசிரியர் சட்டென்று திரும்பி மகளின் முக்காலியைப் பார்த்தார்.

விழறதுக்காக.

படுத்த நெளி தப்பு இல்லை. வேண்டுமென்றே வைத்தது. அவர் மகள் அதைத் தெரிந்து, அளந்து, யோசித்து வைத்திருக்கிறாள். அதைத்தான் இவர் விடிகாலையில் உட்கார்ந்து சீர்செய்துவிட்டு, மகிழ்ச்சியாகக் காபி குடித்திருக்கிறார்.

எழுந்து சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் முதல் குழுவின் முக்காலி, அவர்கள் சொன்ன புத்தகத்துக்கு ஒன்று முன்னாலேயே சரிந்தது. பசங்கள் கை தட்டினார்கள். டீன் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இந்த நேரத்தில் எழுந்து எதைச் சொல்வது? எப்படிச் சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக நோட்ஸ் சாருக்கு வார்த்தை வரவில்லை.

சுட்டியின் முறை வந்தது. கூட்டாளிகள் இருவரும் முக்காலியைப் பிடித்து வைக்க, அவள் சாக்பீஸால் தரையில் ஜன்னலை நோக்கி ஒரு கோடு போட்டாள்.

"இந்தக் கால்தான் முதல்ல போகும், சார். பதினெட்டு புத்தகம். இந்தக் கோட்டு மேல சாயும்."

புத்தகங்கள் ஏறின. பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு. முக்காலி அசையவில்லை. பத்தொன்பது. இருபது. சுட்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. கூட்டாளிப் பையன் அவளைப் பார்த்தான். இருபத்து நான்காவதோடு கட்டு தீர்ந்துவிட்டது. முக்காலி பேராசிரியரின் மொத்த ஞானத்தையும் தலையில் சுமந்துகொண்டு கல் மாதிரி நின்றது.

டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்ட்ராங்கா இருக்கு. சந்தோஷம். ஆனா நீங்க சொன்ன மாதிரி நடக்கலையே?"

சுட்டி மூன்றாவது காலையே உற்றுப் பார்த்தாள்.

"மேடம், இதுதான் என் கவலை" என்று மனைவி பக்கம் திரும்பினார் டீன். "செஞ்சு பார்த்தாங்க, சரி. ஆனா ஏன்னு தெரியலன்னா, அதுக்குப் பாடமே எடுத்திருக்கலாமே?"

மனைவியின் கழுத்து நரம்பு ஒன்று துடிப்பதைப் பேராசிரியர் பார்த்தார். இத்தனை வருஷம் அவளோடு வாழ்ந்தவருக்கு அது என்னவென்று தெரியும். அவள் பயந்துபோயிருக்கிறாள். ஆனாலும் அவள் மகளிடம் எந்த விடையும் சொல்லவில்லை. எப்போதும் கேட்கிற கேள்வியையே கேட்டாள்.

"நீங்க நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

பேராசிரியர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். 'நான்தான் இருக்கேன்' என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சுட்டி அதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகங்களை இறக்கச் சொன்னாள். ஒவ்வொரு காலையும் விரலால் தட்டினாள். முதல் கால். இரண்டாவது கால். மூன்றாவது கால். மறுபடியும் மூன்றாவது கால்.

"மேடம், இது ரெண்டும் வெறும் பெட்டி மாதிரி கேக்குது. இது மட்டும் அடைச்ச மாதிரி கேக்குது. உள்ள ஏதோ இருக்கு."

கத்தியை வாங்கி டேப்பை அறுத்தாள். காலைப் பிரித்தாள். மூன்று பட்டைகள் உள்ளே பளிச்சென்று தெரிந்தன.

"நாங்க வைக்கல" என்றான் கூட்டாளி அவசரமாக.

"நாம வைக்கல" என்றாள் சுட்டி. அவள் குரலில் இப்போது தெம்பு வந்திருந்தது. "சார், பாருங்க. இதோட நெளி நின்னவாக்குல போகுது. விஷயம் தெரிஞ்சவங்க வெச்சிருக்காங்க. தெரியாதவங்களா இருந்தா வெளியில ஒட்டியிருப்பாங்க. காலோட மொத்தப் பாரமும் இந்தப் பட்டை வழியா இறங்கிடுச்சு. அதான் விழல."

"யார் வெச்சிருப்பாங்க?" என்றார் டீன்.

சுட்டி அறுத்த டேப்பை விரலில் எடுத்துப் பார்த்தாள். டேப்பின் நுனியில் சின்னதாக ஒரு மடிப்பு இருந்தது. அடுத்த முறை உரிக்கிறவருக்கு நகம் வலிக்கக் கூடாதென்று அப்படி மடிக்கிற ஆள் அவர்கள் வீட்டில் ஒருவர்தான். அவள் நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கண்ணில் கோபம் இல்லை. 'ஐயோ அப்பா' என்பது மட்டும்தான் இருந்தது.

பேராசிரியர் எழுந்து நின்றார்.

"நான்தான்" என்றார். "காலையில பார்த்தேன். என் பொண்ணு தப்பா வெச்சிருக்கான்னு நினைச்சேன். எல்லார் முன்னாடியும் விழுந்துடுவாளேன்னு பயந்துட்டேன். வேற ஒரு எண்ணமும் இல்ல."

கடைசி வரிசையில் ஒரு பையன் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான்.

"உக்காருங்க, சார்" என்றாள் சுட்டி. தன் அப்பாவைச் சார் என்று சொல்லும்போது அவள் குரல் லேசாகத் தழுதழுத்தது. "யார் வெச்சாங்கங்கறது இப்ப கேள்வி இல்ல. இதை எடுத்துட்டா என்ன ஆகும்கறதுதான் கேள்வி."

பட்டைகளைப் பிய்த்து எடுத்தாள். பசையோடு சேர்ந்து அட்டையின் உள்தாளும் கொஞ்சம் உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கூட்டாளிகளோடு குசுகுசுவென்று ஏதோ பேசினாள். காலை மூடி டேப் போட்டாள்.

"பதினெட்டு இனிமே வராது, சார். உள்தாள் கிழிஞ்சிருக்கு. கால் முன்ன மாதிரி நிமிர்ந்து நிக்காது, வளையும். பதினாலு. கோடு அதே கோடுதான்."

புத்தகங்கள் மறுபடியும் ஏறின. பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் இது விழக் கூடாதென்று பாடுபட்ட மனுஷர், இப்போது விழு, விழு என்று வேண்டிக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது புத்தகத்தை வைத்துக் கையை எடுத்தார்கள். மூன்றாவது கால் முனகியது. நடுவில் மடங்கியது. கோட்டின் மேலேயே முக்காலி சாய்ந்து, பாடநூல்கள் தடதடவென்று ஜன்னல் பக்கம் சரிந்தன.

"ச்சே! ரெண்டு தப்பு!" என்று துள்ளினாள் சுட்டி. "பசை! பசை ஈரத்துல அட்டை ஊறியிருக்கும். அதைச் சேர்க்க மறந்துட்டேன்!"

தப்பாகிப்போனதற்காக ஒரு மாணவி இவ்வளவு சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. அவர் வகுப்பில் தப்பு செய்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இவள் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

டீன் எழுந்து வந்து மடங்கிய காலைத் தொட்டுப் பார்த்தார். "இதைவிட ரெண்டு மடங்கு உயரமா இந்தக் காலைச் செஞ்சிருந்தா?"

"நாலுல ஒரு பங்குதான் தாங்கும், சார்" என்றாள் உடனே. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க போர்டுல எழுதிப்போட்ட வாய்ப்பாடுதான், சார். பரீட்சையில அதுதான் எனக்கு மறந்துபோச்சு. இங்க உயரமான காலா செஞ்சு செஞ்சு எத்தனை விழுந்துச்சு தெரியுமா? இனிமே மறக்க நினைச்சாலும் மறக்காது."

பேராசிரியர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

*

மாணவர்கள் போனபிறகு டீன் வாசலில் நின்றார்.

"மேடம், நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். ஆனா எதிர்ப்பு ஒண்ணு எழுத்துல இருக்கு. சார் அதைத் திரும்ப வாங்கிட்டா இப்பவே முடிச்சிடலாம்."

"இதோ, இப்பவே எழுதித் தரேன்" என்று பேராசிரியர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"பொண்டாட்டி வருத்தப்படறாளேன்னு நீங்க வாங்கினா, நாளைக்கு ஊரே அப்படித்தான் பேசும். எனக்கு அது வேண்டாம். சார், அடுத்த பருவமும் என்னை நடத்த விடுங்க. இவர் முதல் நாளிலேர்ந்து வந்து உக்காரட்டும். பார்க்கறதுக்கு இல்ல, மாணவரா. எல்லாப் பயிற்சியும் செய்யட்டும். கடைசி நாள் இவருக்கு என்ன தோணுதோ அதை எழுதிக் குடுக்கட்டும். அப்பவும் வேண்டாம்னு எழுதினா நானே சாவியைக் குடுத்துடறேன்."

டீன் யோசித்தார். "சார் ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்கிட்டேன்" என்றார் பேராசிரியர், அவர் முடிப்பதற்குள்.

டீன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பட்டறையில் மூன்று பேர் மட்டும் மிச்சம். சுட்டி சிதறிக் கிடந்த பாடநூல்களைப் பொறுக்கி அடுக்கினாள். பேராசிரியர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"உசுரே போயிடுச்சு" என்றாள் அவள். ஒரு வாரத்தில் அவள் அவரிடம் மனசிலிருந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். "விழுந்தா எழுந்திருக்க மாட்டான்னு நினைச்சீங்க இல்ல உங்க பொண்ணை?"

"ஆமா" என்றார். மறைக்கத் தோன்றவில்லை. "முட்டாள்தனம்."

"பாசம்" என்றாள் மனைவி. "ரெண்டும் உங்ககிட்ட ஒண்ணாத்தான் வருது." அவர் தோளில் ஒட்டியிருந்த அட்டைத் தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு ஒரு முழு அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த பருவம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஒரு முக்காலி செய்யுங்க. பத்துப் புத்தகத்துல, கதவுப் பக்கம் விழணும்."

பேராசிரியர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நிற்க வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். விழ வைக்க வேண்டும், அதுவும் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில். எங்கே தொடங்குவது? அவர் புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயம் இல்லை. மேஜை முன்னால் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார். வைத்தார். அட்டையைத் தட்டிப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"எப்படிம்மா?" என்று கேட்டார்.

சுட்டிக்கு விடை தெரியும். எந்தக் காலை எப்படி வெட்ட வேண்டும் என்று நுனிநாக்கில் நின்றது. சொல்ல வாய் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள். உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். அப்பா இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"அம்மா, என்னால முடியல, நான் வெளியே போறேன்" என்று கத்திவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பட்டறையை விட்டே ஓடினாள்.